காட்டைப் பாருங்கள்!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: மழை ஓய்ந்த காட்டில் நாம் காண வேண்டியது விலங்குகளையா? வனத்தையா? ‘வனத்தையே’ என்ற அணியில் நிறைவாக ஆற்றிய உரை.)

நல்ல தமிழும் நகைச்சுவையும் கலந்து இந்த மன்றத்தை நடத்திக்கொண்டிருக்கிற நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, காட்டில் இருக்கிற அத்தனை விலங்கையும் இந்த மேடைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்ட எதிரணி நண்பர்களே! என் அணியின் இனிய தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் கரும்பைக் கடித்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நெஞ்சங்களே! 

நடுவர் அவர்களே! தலைப்பை ஒரு தடவை நன்றாகப் பார்க்க வேண்டும். வெறுமனே ‘காட்டில்’ என்று தலைப்பு இல்லை. ‘மழை ஓய்ந்த காட்டில்’ என்று இருக்கிறது. எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். யானை வந்தது, புலி வந்தது, கரடி வந்தது. மழை மட்டும் வரவே இல்லை! (சிரிப்பு) நான் அந்த மழையிலிருந்துதான் தொடங்குகிறேன்.

எந்தக் காடு? எந்த மாதம்? வழக்கு என்றால் சாட்சி வேண்டும் அல்லவா? நான் நம்ம முதுமலையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2007-இல் புலிகள் காப்பகம் ஆனது. அதன் மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். ஆடியில் தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தைப் போட்டு நனைக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மசினகுடிப் பக்கத்துக்குத் தன் பங்கைக் கொடுக்கும். இரண்டும் ஓய்ந்து மார்கழி போய்த் தை பிறக்கிறபோது காடு பச்சைப் பசேல் என்று நிற்கும். மாயாறு சலசலக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் நமக்கும் பொங்கல் விடுமுறை. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறுகிறது.

அப்படி ஒரு தை மாதத்தில் நானும் என் வீட்டுக்காரம்மாவும் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு குடும்பம். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரசில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, வளைந்து வளைந்து மலை ஏறி வந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத் தலைவர் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநரைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்ப்பா, இங்க புலி எத்தனை மணிக்கு வரும்?”

ஓட்டுநர் திரும்பியே பார்க்காமல் சொன்னார்: “சார், அது நம்ம டிப்போ வண்டி இல்லீங்க.” (பலத்த சிரிப்பு)

வண்டி போனது. ஒரு மணி நேரம் சுற்றியது. புள்ளிமான் கூட்டம் நின்றது. மயில் ஒன்று பாதையைக் கடந்தது. ஒரு மலை அணில், அதன் வால் மட்டுமே ஒரு முழம் இருக்கும், கிளைக்குக் கிளை தாவியது. உயரமான புல்லுக்கு நடுவே காட்டெருமையின் முதுகு மட்டும் கறுப்பாகத் தெரிந்து மறைந்தது. வண்டி திரும்பி வந்து நின்றது. அந்த ஐயா இறங்கினார். இறங்கிச் சொன்னார்: “ஒண்ணுமே பாக்கலை. காசு தண்டம்!”

நடுவர் அவர்களே! ஒரு மணி நேரம் ஒரு காட்டுக்குள் இருந்துவிட்டு ‘ஒண்ணுமே பாக்கலை’ என்று ஒரு மனிதன் சொல்கிறான் என்றால், அவன் எதிரணியைச் சேர்ந்தவன்! (கைதட்டல்) விலங்கு என்கிற ஒன்றே ஒன்றை மட்டும் தேடிப் போனவனுக்கு மற்றதெல்லாம் ஒண்ணுமில்லாமல் போய்விட்டது. அதிலும் மானும் மயிலும் அவன் கணக்கில் விலங்கிலேயே சேர்த்தி இல்லை. புலி வந்தால் ரூபாய், யானை வந்தால் எட்டணா, மான் வந்தால் செல்லாக்காசு!

அங்கே வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் நின்றார். குறும்பர் இனத்தைச் சேர்ந்த பெரியவர். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரிடம் நான் போய், “என்னங்க ஐயா, இப்படிச் சலிச்சுக்கிட்டுப் போறாரே?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு பேச்சு சொன்னார். நான் முப்பது வருஷமாக வகுப்பறையில் நின்று பாடம் சொல்கிறவன். அந்தப் பேச்சுக்கு முன்னால் நான் மாணவனாகி நின்றேன்.

“இப்ப எங்க பாத்தாலும் தண்ணி, எங்க பாத்தாலும் புல்லு. வயிறு நெறஞ்சிருக்குது சார். அது எதுக்கு ரோட்டோரம் வரணும்? மாசி, பங்குனியில வாங்க. நெறையப் பாக்கலாம். ஆனா பாக்க நல்லா இருக்காது.”

நிறையப் பார்க்கலாம், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது! நடுவர் அவர்களே, இந்த வழக்கின் உயிர்நாடி இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

ஒரு யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். மழை ஓய்ந்த மாதத்தில் அது எங்கேயும் கிடைக்கிறது. பள்ளத்தில் தண்ணீர், மேட்டில் இளம்புல். அதனால் கூட்டம் காடு முழுக்கப் பரவி நிற்கிறது. நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. கோடை வரட்டும். குட்டைகள் வற்றும். புல் காயும். மரப்பட்டையை உரித்துத் தின்ன வேண்டி வரும். மிச்சம் இருக்கிற நீர்நிலையைத் தேடி எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேரும். பக்கத்தில் கர்நாடகத்தில் கபினி அணை இருக்கிறது. கோடையில் அணையின் நீர் வடிந்த கரையில் நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுகின்றன. முதல் மழை விழுந்ததும் கலைந்து போய்விடுகின்றன. அந்தக் கூட்டத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? ‘நல்ல சீசன்’!

யாருக்கு நல்ல சீசன்? நமக்கு! அதற்கு அது தண்ணீர்ப் பஞ்சம். நம்ம தெருவில் குழாயில் தண்ணீர் வராமல், லாரிக்கு முன்னால் குடத்தோடு நம் வீட்டுப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது ஒருவன் காமிராவோடு வந்து, “ஆகா, இன்னிக்கு நல்ல கூட்டம், நல்ல சீசன்!” என்று சொன்னால் சும்மா விடுவார்களா? குடத்தாலேயே பேசிவிடுவார்கள்! (சிரிப்பு, கைதட்டல்) யானை பாவம், அதற்குக் குடம் இல்லை.

ஆகவே நடுவர் அவர்களே! மழை ஓய்ந்த காட்டில் விலங்கு கண்ணில் படவில்லை என்றால் அழக்கூடாது, மகிழ வேண்டும். அது எங்கேயோ வயிறு நிறைந்து நிற்கிறது என்று அதற்குப் பொருள். இந்தப் பொருளை யாரால் தெரிந்துகொள்ள முடியும்? விலங்கை மட்டும் தேடுகிறவனால் முடியாது. தண்ணீரையும் புல்லையும் பார்க்கிறவனால்தான் முடியும். வனத்தைப் பார்க்கிறவனால்தான் முடியும்.

எதிரணியில் புலவர் ஐயா சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைத்தார். “சங்கப் புலவர்கள் யானையைப் பாடவில்லையா? புலியைப் பாடவில்லையா?” என்று கேட்டார். பாடினார்கள் ஐயா, பாடினார்கள். எப்படிப் பாடினார்கள் என்று பார்க்க வேண்டாமா?

கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ காட்டுகிற ஒரு காட்சி. தலைவன் போகப்போகிற பாலை வழி. வெயில் கொளுத்துகிறது. கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். அதையும் குட்டி யானை இறங்கிக் கலக்கிவிட்டது. ஆண் யானை அந்தக் கலங்கல் நீரைத் தான் குடிக்கவில்லை. முதலில் தன் பெண் யானைக்கு ஊட்டுகிறது. அதற்குப் பிறகுதான் தான் குடிக்கிறது. எவ்வளவு பெரிய அன்பு! தாய்மார்கள் எல்லாம் உங்கள் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்காரரை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். (சிரிப்பு)

நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பாட்டில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஏரி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடிக்கின்றன. அதில் என்ன அன்பு தெரியும்? ஒன்றும் தெரியாது! தண்ணீர் கொஞ்சம் என்று புலவன் சொன்னதால்தான் யானையின் அன்பு பெரிதாகத் தெரிகிறது. குட்டையை அளந்து பார்த்த பிறகுதான் யானையைப் பார்த்திருக்கிறான் அந்தப் புலவன். புலவர் ஐயா கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டது, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இன்னும் ஒரு பெரிய சாட்சி. தொல்காப்பியர்! நிலத்தையும் பொழுதையும் அவர் என்ன சொன்னார்? முதற்பொருள் என்றார். விலங்கை எங்கே வைத்தார்? கருப்பொருளில் வைத்தார். தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போகிற பட்டியலில் ஒன்றாக விலங்கை வைத்தார். முதல் எது? நிலமும் காலமும்! முல்லைக்குக் கார்காலமும் மாலையும். குறிஞ்சிக்குக் கூதிர் காலமும் முன்பனியும் யாமமும். எந்த இடம், எந்தப் பருவம் என்று தெரிந்துகொண்டு அப்புறம் உள்ளே வா என்று நமக்கு இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் காவலர் சொன்னாரே, “மாசி, பங்குனியில வாங்க, ஆனா நல்லா இருக்காது” என்று? மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். வேனில் பாலைக்கு உரியது. பின்பனியும் பாலைக்கு உரியது என்று தொல்காப்பியர் சேர்த்துச் சொல்கிறார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் விளக்குகிறார். அந்தக் குறும்பர் பெரியவர் தொல்காப்பியம் படித்தவர் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். காரணம் என்ன? இரண்டு பேருமே காட்டைப் பார்த்தவர்கள்! (நீண்ட கைதட்டல்)

“சரி, வனத்தைப் பார் என்கிறீர்களே, வனத்தில் பார்க்க என்ன இருக்கிறது? மரமும் செடியும்தானே? அதை எங்கள் ஊர்ப் பூங்காவிலேயே பார்க்கலாமே!” என்று தங்கை வழக்கறிஞர் ஒரு வாதம் வைத்தார். அம்மா, சொல்கிறேன், கேளுங்கள்.

மழை ஓய்ந்த காட்டில் மண் ஈரமாக இருக்கும். ஈர மண் ஒரு வருகைப் பதிவேடு. ராத்திரி யார் வந்தார், எந்தப் பக்கம் போனார் எல்லாம் அதில் எழுதி இருக்கும். அந்தக் காவலர் பாதை ஓரத்தில் ஒரு தடத்தைக் காட்டினார். புலி அடி. அதன் மேலேயே மான் குளம்பு பதிந்திருந்தது. “புலி முன்ன போயிருக்குது, மான் பின்ன வந்திருக்குது. நகம் பாருங்க, இல்லை. புலி நகத்தை உள்ளே இழுத்துக்கிட்டுத்தான் நடக்கும். செந்நாய்னா நகம் பதியும்” என்றார். கோடையில் புழுதியில் காற்றடித்தால் இதெல்லாம் அழிந்துபோகும். புலியை நேரில் பார்த்தவன் அதை ஒரு நிமிஷம் பார்க்கிறான். தடத்தைப் படித்தவன் ஒரு ராத்திரியையே பார்க்கிறான்.

மரத்தின் மேலே சாம்பல் நிற மந்திகள். கீழே புள்ளிமான்கள். மந்தி கொழுந்தைக் கடித்துப் பாதியைக் கீழே போடும். மான் அதைத் தின்னும். பதிலுக்கு மான் என்ன செய்யும்? கீழே அதன் மூக்கும் காதும் காவல். மேலே மந்தியின் கண் காவல். புலி அசைந்தால் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்கள், இரண்டு பேரும் தப்பிப்பார்கள். மாடியில் குடியிருப்பவரும் கீழே குடியிருப்பவரும் தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை போடாமல் வாழ்கிற வீடு அது! (சிரிப்பு) மானை மட்டும் படம் எடுத்தவனுக்கு இந்த வீடு தெரியாது.

யானைச் சாணியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறோம். யானை தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. விதைகள் முழுசாக வெளியே வருகின்றன. அதில் சாணி வண்டு வந்து உருண்டை பிடித்து உருட்டிக்கொண்டு போய் மண்ணில் புதைக்கிறது. ஈர மண், எரு, விதை. அடுத்த காடு அங்கே முளைக்கிறது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மழை ஓய்ந்ததும் பாதை ஓரமெல்லாம் வண்ண வண்ணமாகப் பூத்துக் குலுங்குகிற ஒரு செடி. அதன் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்ணிச்செடி! அது நம்ம காட்டுச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்தது. இன்றைக்குப் புதர் புதராக அடைத்துக்கொண்டு அடியில் புல்லை முளைக்க விடுவதில்லை. மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் சாப்பாடு போகிறது. விலங்கைப் பார்க்க வந்தவன், விலங்கின் பட்டினிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறான். வனத்தைப் பார்க்கத் தெரியாவிட்டால் இதுதான் நடக்கும்.

எதிரணித் தலைவர் வைத்த வாதம் ஒன்று வலுவானது. நான் மறைக்க மாட்டேன். “ஒரு குழந்தை புலியை நேரில் பார்த்தால்தான் புலியைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வரும்” என்றார். நல்ல எண்ணம். ஆனால் புலியை எப்படிக் காப்பாற்றினார்கள்? 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது. புலியைப் பிடித்து வீட்டுக்குள் வைத்து ஊட்டி வளர்த்தார்களா? இல்லையே! வேட்டையைத் தடுத்தார்கள், காட்டை எல்லை போட்டுக் காவல் காத்தார்கள். காடு இருந்தது, மான் பெருகியது, புலி பெருகியது. 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 76 புலிகள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 306 புலிகள். புலியின் பெயரைச் சொல்லிக் காப்பாற்றியது காட்டைத்தான் ஐயா! குழந்தைக்குப் புலியைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புலி வராத நாளில் “ஒண்ணுமே இல்லை, வா போகலாம்” என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

நடுவர் அவர்களே! இதுவரை சிரித்துப் பேசினேன். இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற செய்தி இல்லை.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் மசினகுடி. அந்தச் சீகூர்ப் பீடபூமி யானைகள் காலங்காலமாக நடக்கிற பாதை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் இணைக்கிற பாதை. மழை ஓய்ந்து, மேய்ச்சல் குறையக் குறைய, யானை அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அதற்குப் பாட்டி காட்டிய பாதை அது. அந்தப் பாதையிலேயே விடுதிகள் முளைத்தன. எதற்காக? ‘அறையிலிருந்தே யானையைப் பார்க்கலாம்’ என்பதற்காக! வழக்கு நடந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த யானை வழித்தடத்தை உறுதி செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே நிலைநாட்டியது.

மூன்றே மாதம். 2021 ஜனவரி. அதே மசினகுடிப் பகுதியில் ஓர் ஆண் யானை. காதில் தீக்காயம், புண். சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டு முகாமுக்கு லாரியில் கொண்டுபோகும் வழியில் ஜனவரி 19-ஆம் தேதி இறந்துபோனது. பொங்கல் முடிந்து ஐந்தே நாள்! அதன் துதிக்கையைத் தடவிக்கொண்டு ஒரு வனத்துறை ஊழியர் குலுங்கிக் குலுங்கி அழுத காட்சியை நாடே பார்த்தது. பிறகு இன்னொரு படம் வெளிவந்தது. ஒரு விடுதிப் பக்கம் வந்த அந்த யானையின் மேல் எரிகிற பொருளைத் தூக்கி எறிகிறார்கள். தீ தலையில் ஒட்டிக்கொள்ள, அது இருட்டுக்குள் ஓடுகிறது.

வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் விருந்தாளி. வாசலுக்கு வந்தால் திருடன். ஏன் இந்த இரண்டு நியாயம்? அவனுக்கு யானை தெரியும், யானையின் பாதை தெரியாது. விலங்கைப் பார்த்தான், வனத்தைப் பார்க்கவில்லை. பாதை தெரிந்திருந்தால், நாம்தான் அதன் வாசலில் குடியேறியிருக்கிறோம் என்று தெரிந்திருக்கும். (கைதட்டல்)

பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009-ஆம் ஆண்டு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனத்துக்குத் தடை வந்தது. சாலையை நாம் பார்க்கிற கண்ணால் பார்த்தால், “பயணம் கெடுதே” என்று கோபம் வரும். தண்ணீருக்குப் போகிற மானின் கண்ணால் பார்த்தால் அந்த ஒன்பது மணி நேரம் அதன் உயிர். வனத்தைப் பார்க்கிறவனுக்குத்தான் அந்த இரண்டாவது கண் திறக்கிறது.

எங்கள் அணி என்ன கேட்கிறது? காட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், குடும்பத்தோடு போங்கள். வனத்துறை வண்டியில் போங்கள். கத்தாமல் போங்கள். குரங்குக்கு முறுக்குப் போடாதீர்கள், காலி பாக்கெட்டைக் காட்டில் விடாதீர்கள். புலி வந்தால் கும்பிடு போட்டுப் பாருங்கள். வராவிட்டால் வாடாதீர்கள். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், “என்ன சார் பாத்தீங்க?” என்று. “தண்ணி ஓடுது, புல்லு நிக்குது, ஈரத்தில அடி கெடக்குது. எல்லாம் சௌக்கியமா இருக்குது” என்று சொல்லுங்கள். வயசான அப்பா அம்மாவை ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள்.

விலங்கு நிறையத் தெரிகிற மாதம் காட்டுக்கு வறட்சி. வனம் நிறையத் தெரிகிற மாதம் விலங்குக்கு வாழ்வு. தலைப்பிலேயே மழை ஓய்ந்துவிட்டது, நடுவர் அவர்களே! இனி நீங்கள் தீர்ப்பு மழை பொழிய வேண்டும். மழை ஓய்ந்த காட்டில் நாம் காண வேண்டியது வனத்தையே, வனத்தையே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)